தண்டவாளத்தின் மேல் முதல் கியர்

காலை ஆறு இருபதுக்குப் பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே எங்கள் கார் நின்றுவிட்டது. ஓட்டியவள் என் மகள். கார் பழகத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மேடு பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்துக் கிளட்சை மிதித்தபோது கேபிள் அறுந்து, பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. கார் ஒரு குலுக்கலோடு அணைந்தது. தள்ளிவிட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. கேட் மூடுவதற்கான மணி அடிக்கத் தொடங்கியது.

"இறங்கும்மா! வண்டி போனா போகட்டும்!" என்று கத்தினேன்.

"இருப்பா. கிளட்சை மிதிக்காம சாவியத் திருப்பினா வண்டி குதிக்கும்ல? குதிக்கட்டும்" என்றாள்.

தினமும் அவள் செய்த தப்பு அது. அதற்காக நான் திட்டாத நாளில்லை. இப்போது வேண்டுமென்றே, முதல் கியரிலேயே சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் முனக, கார் குதித்துக் குதித்துத் தண்டவாளத்தைத் தாண்டியது. கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்தாள். இருபது வருடமாகக் கார் ஓட்டும் எனக்கு அந்த யோசனை வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வியர்க்கிறது.

கேட்கீப்பர் மூச்சிரைக்க ஓடிவந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "சூப்பரா ஓட்டிகினு வந்துட்டம்மா. வண்டி கெடக்கட்டும், அப்பாவுக்குத் தண்ணி குடு. அவுருதான் வேர்த்துப்போயி பேஜாரா கீறாரு."