ஞாயிறு 10.42

தினமும் பையை மேசையில் வைத்ததும் கலைப்பிரியா கறுப்புத் திரையைத் திறந்து ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டுகிறாள். திண்டிவனத்துப் பால் நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கண்காணிக்கும் மென்பொருளிலிருந்து எச்சரிக்கை அமைப்புகள் பட்டியலாக இறங்குகின்றன: எந்தக் கோளாறுக்கு யாருடைய கைபேசி அலற வேண்டும், கடைசியாகக் கைவைத்தவர் யார், எப்போது. மர ஸ்கேலைத் திரையில் வைத்து வரிவரியாகப் படிக்கிறாள். வாயில் அவித்த மல்லாட்டை, மேசையில் வேர்க்கடலைத் தோல்.

அதே மென்பொருளுக்குப் பச்சை விளக்குகள் எரியும் அழகான பக்கமும் உண்டு. அவள் நம்புவதில்லை. "அது மாப்பிள்ளை போட்டோ மாதிரி. பல்லு தெரியாம எடுத்துருப்பாங்க."

மேலாளர் சக்கரபாணிக்கு இது ஆகாது. "கிளிக் பண்ணா வர்றதுக்கு எதுக்கும்மா டைப் அடிச்சிக்கினு கெடக்குற? உங்க ஊரு கெடார்ல களை எடுக்குறன்னு நெனப்பா?"

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும். விசைகளின் சத்தம் ஏறும்.

போன ஞாயிறு அவளுக்கு விடுமுறை. திங்கள் விடியற்காலை சேமிப்பு வட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றுவிட்டது. எடையைப் பதிய வழியில்லாமல் பதினொரு பால் வண்டிகள் ஒன்பது மணிவரை வாசலில் நின்றன. பால் திரிந்தது. ஒரு கைபேசிகூட அலறவில்லை.

அவள் வந்தபோது சக்கரபாணி அவள் பெயரில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். எச்சரிக்கை அணைந்திருந்தது அவளுடைய கவனக்குறைவாம். இன்னும் நிரந்தரமாகாதவள், கையெழுத்திட்டால் வேலை போகும்.

சனிக்கிழமை தானே எதையாவது தட்டிவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கட்டளையை ஓட்டினாள். 'வட்டு நிரம்பல். அணைக்கப்பட்டது. மாற்றியவர் சக்கரபாணி. ஞாயிறு 10.42.'

விசை ஒன்று படாரென்று அதிர்ந்தது. அந்த ஒரு வரி அச்சாகி வந்தது.

தாளைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்தினார். "திருவாமாத்தூர்ல பேத்திக்குக் காதுகுத்தும்மா. நீ லீவுன்னு இது என் ஃபோன்ல அடிச்சிக்கினே இருந்துச்சு, சொந்தக்காரனுங்க மொறைக்கிறானுங்க. அரை மணி நேரம்னு நிறுத்துனேன், மறந்துட்டேன்."

"மறந்தது நீங்க. எழுதித் தர்றது நானா சார்?"

"நீ சின்ன வயசு, வேற எடம் கெடைக்கும். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம். ஜல்தி போடும்மா, எம்.டி. வந்துக்கினு இருக்காரு."

"பால் திரிஞ்சதுக்கு நான் எழுதித் தரணும். காது குத்துனதுக்கு யாரு சார் எழுதித் தருவாங்க?"

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

வாங்கினாள். கடிதத்தை ஒதுக்கிவிட்டு, அச்சாகி வந்த தாளை இழுத்து, அவர் பெயருக்கு அடியில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டாள்.