உவர் எப்பிடி?

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் எனக்கென்று நாளுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. பின்னேரம் மூன்றரையிலிருந்து நாலரை வரை. காலையில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐந்து மணிக்கு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போக வேண்டும். நடுவில் அந்த ஒரு மணித்தியாலம் ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடி அறைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றியும் கழற்றாமலும் மெத்தையில் விழுவேன். அதை நித்திரை என்று சொல்வது நித்திரைக்கு அவமானம். மயக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஏழு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். இங்கே வந்தபோது அந்தப் படிப்பையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, கையில் ஓர் உலக்கை மாதிரிச் சாமானைத் தந்து மண்ணை இடிக்கச் சொன்னார்கள். இடித்து, அரித்து, நிறுத்து, தண்ணீரில் ஊறவைப்பதுதான் வேலை. மண் எங்கிருந்தெல்லாமோ வரும். அந்தக் குளிர் மாரியில் வந்ததெல்லாம் மேற்கேயிருந்து, சஸ்காச்சுவான் புல்வெளிகளிலிருந்து. நான் இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் அந்த மண்ணின் குணம் என் கூடப்பிறந்ததுகளின் குணத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி வந்த ஒரு மண் பெட்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. விவசாயியின் மனைவி கையால் எழுதியது. கோதுமை திட்டுத் திட்டாகத்தான் வருகிறது, நடுவில் வட்டம் வட்டமாக மொட்டையாய்க் கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் நாட்கணக்கில் அப்படியே நிற்கிறது, ஆனால் கீழே தோண்டினால் காய்ந்து கிடக்கிறது, இந்த நிலத்தை வைத்திருப்பதா விடுவதா என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டு போனது.

பெட்டிக்குள் ஒரு கட்டி உடையாமல் முழுசாக இருந்தது. மேலே நாலு விரற்கடை நல்ல சாம்பல் மண், தொட்டால் மா மாதிரி. அதற்குக் கீழே களிமண் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையும் உருண்டு, வெள்ளை படிந்து, பேக்கரியில் நெருக்கி அடுக்கிய பாண் மாதிரி இருந்தது. வேர்கள் அந்தத் தூணுக்குள் நுழைய முடியாமல் இடுக்குகளில் நசிந்து தட்டையாகிக் கிடந்தன. பாவம், அவையும் எங்களைப் போல இடம் தேடி அலைந்திருக்கின்றன என்று நினைத்தேன். காய்ந்த தூணை இடித்தால் உலக்கைதான் நோகும். ஒரு துளி தண்ணீர் விட்டால் அதே தூண் கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டு விடாது.

பின்னேர ஷிப்ட்டில் ஒரு அன்ரி வருவா. யாழ்ப்பாணத்தில் சயன்ஸ் ரீச்சராக இருந்தவ. இங்கே கண்ணாடிச் சாமான் கழுவி, நான் ஊறவைத்துவிட்டுப் போனவற்றைப் பார்த்து எழுதுவா. அந்த மண்ணுக்கு அவ வைத்த பெயர் உவர். ஊரில் உப்புப் பூத்த வயலை அப்படித்தான் சொல்வோம். “இது உவர் இல்லை அன்ரி,” என்று எத்தனை தரம் சொன்னேன். உவரில் உப்பு நிறைய இருக்கும். நல்ல மழை கழுவினால் போய்விடும். இது வேறு சாதி. உப்பு போன பிறகும் சோடியம் மட்டும் களியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை மழை கழுவினால் இன்னும் மோசமாகும். புத்தகத்தில் இதற்குக் களர் என்று பெயர். “உமக்குக் களர், எனக்கு உவர்,” என்றுவிட்டா. நாலு மணியளவில் கூடத்திலிருந்து எனக்கு ரெலிபோன் அடிப்பா. எடுத்தவுடன் ஒரே கேள்விதான்: “உவர் எப்பிடி?” நான் கண்ணைத் திறக்காமலே எது எந்தப் போத்தலில், எது தெளிந்தது, எது தெளியவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பேன்.

இனி என் அறைவாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது கூடின அண்ணை. பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மூன்று தங்கச்சிமாரைக் கரை சேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் பாதி மயிர் போயிருந்தது. அந்த மாரியில் அவருக்கு ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணை ஒருமுறை தரகர் வீட்டில் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு வந்த அன்று குசினிக்குள் நின்று பாட்டு முணுமுணுத்தார். மனிசன் பாடி நான் கேட்டது அது ஒருக்கால்தான். பிறகு இரண்டு புதுக் கோப்பை வாங்கி வந்தார். கீழே கட்டடம் பார்க்கிற சுப்பரின்ரெண்டனிடம் ஒற்றை அறை வீடு எப்போது காலியாகும் என்று விசாரித்தார். என்னிடம் வந்து, “நான் போனால் உமக்குத் தனிய இருக்கப் பயமோ?” என்று பகிடியும் விட்டார். இது சரிவராவிட்டால் இனி வேறு பார்க்க மாட்டேன், பெண் கேட்டுப் படியேற இனித் தன்னால் ஏலாது என்று ஒருநாள் சொன்னார். அவர் அதைச் சும்மா சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் மயக்கத்தில் கிடந்தேன். ரெலிபோன் அடித்தது.

“தம்பி, நான் அன்ரி கதைக்கிறன்.”

“ஓம், சொல்லுங்கோ அன்ரி.”

“நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? ஒரு விசயம் கேக்கவேணும். உள்ளதைச் சொல்லும். உவர் எப்பிடி?”

“உவரோ…” என்றேன். கண் திறக்கவில்லை. “மேலால பார்த்தால் ஒண்டும் தெரியாது அன்ரி. நல்ல பதம். ஒரு சாண் உள்ளுக்க போனால்தான் குணம் தெரியும்.”

“என்ன தம்பி சொல்லுறீர்?”

“தண்ணி படக்கூடாது. தண்ணி பட்டுதெண்டால் முடிஞ்சுது. ஒரே கலங்கல்.”

“தண்ணியோ? கனக்கவோ?”

“கொஞ்சம் பட்டாலே காணும். நேற்றுப் பட்டது, இன்னும் தெளியேல்லை.”

“கடவுளே! திருத்தேலாதோ?”

“திருத்தலாம்தான். வருசக்கணக்காகும். நான் எண்டால் அந்தப் பக்கமே போகமாட்டன்.”

“நல்லது தம்பி. நீர் ஒரு குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டீர்,” என்று சொல்லி வைத்துவிட்டா. அந்தக் கடிதம் எழுதிய விவசாயியின் குடும்பத்தைத்தான் சொல்கிறா என்று நினைத்தேன். அன்ரிக்கு அவர்கள் மேல் இவ்வளவு அக்கறையா என்று கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். திரும்பிப் படுத்தேன்.

அடுத்த கிழமை அண்ணை வேலையால் வந்தார். பனிச் சப்பாத்தோடு அப்படியே அறைக்குள் வந்து நின்றார். நிலமெல்லாம் தண்ணீர். அவர் அப்படி வருகிற ஆள் இல்லை.

“அவை வேண்டாமெண்டிட்டினம்,” என்றார். “நான் தண்ணியாம். முதல் நாள் போட்டது அடுத்த நாளும் தெளியாதாம். தரகர் சொல்லுறார், என்ரை அறையில இருக்கிறவரே சொன்னவராம்.”

“ஐயோ அண்ணை, நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை!”

அது பொய்யில்லை. நான் அப்படித்தான் நம்பினேன். தொழிற்சாலைக் கிறிஸ்மஸ் பார்ட்டியில்கூட ஒரேஞ் ஜூஸ் குடித்துவிட்டு வருகிற மனிசனைப் பற்றி யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று அவரோடு சேர்ந்து நானும் கோபப்பட்டேன். தரகரைத் திட்டினேன். ஊர்ச் சனம் கனடா வந்தும் திருந்தாது என்றேன். அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றி, துணி எடுத்து நிலத்தைத் துடைத்தார்.

மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரம் கூடத்து அன்ரியிடம், “போன கிழமை செவ்வாய்க்கிழமை ரெலிபோன் எடுத்தியளே, அந்தப் போத்தல் இன்னும் கலங்கித்தான் நிக்குது,” என்றேன்.

“செவ்வாய்க்கிழமையோ? நான் எடுக்கேல்லையே. அண்டைக்குப் பல்லுப் பிடுங்கப் போனனான். லீவு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உவர். எங்கள் ஊரில் தள்ளி நிற்பவர் அவர். இங்கே நிற்பவர் இவர். உனக்குப் பக்கத்தில் நிற்பவர் உவர். அன்றைக்கு எடுத்தது பெண்ணின் தாய், வெக்ஸ்போர்ட் அன்ரி; அவ அண்ணையைத்தான் கேட்டிருக்கிறா. நான் சஸ்காச்சுவானைச் சொல்லியிருக்கிறேன். கூடத்து அன்ரிக்கு விசயத்தைச் சொன்னதும் அவ முதலில் விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினா. “ஓடும்,” என்றா. “போய்ச் சொல்லும்.”

ரெலிபோனில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பட்டது. தரகரிடம் விலாசம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பையில் இரண்டு கண்ணாடிப் போத்தல், காய்ச்சி வடித்த தண்ணீர், கடதாசியில் சுற்றிய இரண்டு மண்கட்டி எல்லாம் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் குளிரில் இரண்டு பஸ் மாறி, மடியில் மண்ணோடு போகிற விசரன் ரொறன்ரோவில் நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன்.

வெக்ஸ்போர்ட் அன்ரி கதவைத் திறந்தா. நான் யாரென்று சொன்னதும், நன்றி சொல்லி உள்ளே கூப்பிட்டு இருத்தினா. அது இன்னும் கொடுமை. நான் குசினி மேசையில் போத்தல்களை வைத்து இரண்டிலும் தண்ணீர் விட்டேன். ஒன்றில் சஸ்காச்சுவானில் ஓர் உப்பேரிக் கரையிலிருந்து கூடத்துக்கு வந்த உப்பு மண். மற்றதில் அந்தத் தூண் மண். இரண்டையும் குலுக்கி வைத்தேன். மகள் கதவு நிலையில் வந்து நின்றாள். அன்ரி தந்த பால் தேத்தண்ணி ஆறும்வரை மூன்று பேரும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு மண் மெல்ல மெல்ல அடியில் படிந்தது. மேலே தண்ணீர் தெளிந்தது. மற்றது கலங்கியபடியே நின்றது.

“இதுதான் உவர் அன்ரி. தெளிஞ்சிட்டுது, பாருங்கோ. மற்றது உவர் இல்லை, களர். தண்ணி பட்டால் தெளியாது. நான் அண்டைக்குச் சொன்னது இதை. மண்ணை. அண்ணையை இல்லை.”

அன்ரி கலங்கலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. “நான் உவரையெல்லோ கேட்டனான்,” என்றா.

“ஓம் அன்ரி. எனக்கு விளங்கேல்லை. நித்திரை மயக்கம்.”

“அப்ப உவர் குடிக்கிறேல்லையோ?” என்று மகள் கேட்டாள்.

“ஒரு சொட்டும் இல்லை.”

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“மொன்றியல்ல ஒரு இடம் வந்தது,” என்றா அன்ரி. “வெள்ளிக்கிழமை வாக்குக் குடுத்திட்டன். இனி என்னத்தைச் செய்ய? நீர் ஒரு கிழமை முந்தி வந்திருக்கலாம் தம்பி.” அவவில் பிழை இல்லை. போத்தல்களை அங்கேயே கழுவப் பார்த்தேன். களி சிங்கில் போய்க் குழாயை அடைத்துவிடும் என்று நினைவு வந்தது. அப்படியே மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அறைக்கு வந்தபோது அண்ணை யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். போத்தல்களையும் எடுத்து வைத்தேன். அடிப்பார், ஏசுவார், அறையை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கலங்கல் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“இதையோ சொன்னனீர்?”

“ஓம் அண்ணை.”

“நல்ல விவரமாத்தான் சொல்லியிருக்கிறீர். மேலால எப்பிடி, ஒரு சாணுக்குக் கீழ எப்பிடி, என்ன பட்டால் என்ன ஆகும், திருத்த எவ்வளவு காலம்.” போத்தலைக் கீழே வைத்தார். “ஒண்டு கேக்கிறன். அவ என்னைத்தான் கேக்கிறா எண்டு விளங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?”

இரண்டு வருடம் ஒரே அறை, ஒரே அடுப்பு. அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று தெரியும். வேறு என்ன தெரியும்? நான் வேலைக்குப் போனேன், வந்தேன், விழுந்தேன், எழும்பினேன். அந்த மனிசனை ஒருநாளாவது ஆறுதலாய் இருந்து பார்த்திருக்கிறேனா? ஒருக்கால் பாடினார். நான் என்ன பாட்டு என்றுகூடக் கேட்கவில்லை.

“நல்ல மனிசன் எண்டு சொல்லியிருப்பன்,” என்றேன்.

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் பார்த்திருக்க வேண்டும்.

“அவ்வளவுதானோ?” என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி, அந்த இரண்டு புதுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.