கழற்றினால் மட்டும் தெரியும் முத்திரை

ஃபெர்லாக் ஊரில் புர்கி வுட்டெயிடம் யாரும் தேவையில்லாமல் வாயைக் கொடுப்பதில்லை. கொடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நோட்புர்கா. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். நாற்பத்து மூன்று வயது. புருஷன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறான்; வீட்டில் அவன் பேச வேண்டியதையும் இவளே பேசிவிடுவாள்.

பதினெட்டு வருடமாக ரூபர்ட் ப்ளாஷின் துப்பாக்கிப் பட்டறையில் அவளுக்கு ஒரே வேலைதான். வேட்டைத் துப்பாக்கியின் முதுகில் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்துகிற தாங்கி செய்வது. அதுவும் கழற்றி மாட்டுகிற தாங்கி. எங்கள் மலைகளில் பாறையைப் பிடித்து ஏறுகிறவன் தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு விட்டுவைக்க மாட்டான். எங்காவது இடித்துக்கொண்டால் போச்சு. கழற்றி, தோல் உறையில் போட்டு, மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுவான். உச்சிக்குப் போனதும் தாங்கியின் முன்காலைத் துப்பாக்கியில் குறுக்காக நுழைத்து, கால்வாசி வட்டம் திருப்பினால் பின்கால் துப்பாக்கி முதுகில் பதித்த தன் தட்டில் உட்கார்ந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நூறு தடவை கழற்றி மாட்டினாலும் முதல் தடவை குண்டு பட்ட இடத்திலேதான் நூறாவது தடவையும் பட வேண்டும். இல்லையென்றால் அதைத் தாங்கி என்று சொல்லக்கூடாது, கதவுக் கொண்டி என்று சொல்லலாம்.

அதற்காக புர்கி படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. தாங்கியின் காலை ஒரு சின்ன விளக்கின் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்பாள். தட்டின்மேல் அழுத்தி எடுப்பாள். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. திரும்பவும் புகை, திரும்பவும் அழுத்தல். தட்டு முழுக்க ஒரே சீராகக் கரி படிகிறவரை விடமாட்டாள். ஒரு தாங்கிக்கு மூன்று நாள் ஆகும். ப்ளாஷ் முணுமுணுப்பார், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

குழலில் முதலாளி பெயர் இருக்கும். பக்கத் தகட்டில் மான் செதுக்கியவர் பெயர் இருக்கும். புர்கியின் பெயர் எங்கேயும் இருக்காது. தாங்கியின் அடியில், தட்டோடு ஒட்டாத ஒரு குழியில், மூன்று பல் வைத்த வைக்கோல் வாருகோல் ஒன்றை உளியால் அடித்துவைப்பாள். அரிசி அளவு கூட இருக்காது. தாங்கியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். அவள் அம்மா அடுத்தவர் நிலத்தில் வைக்கோல் வாரிப் பிழைத்தவள். துப்பாக்கிக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் வைக்கோல் வாரியின் மகளுக்கு அரம் பிடிக்க என்ன தகுதி என்று கேட்டவர்களுக்கு அதுதான் அவள் சொன்ன பதில்.

அப்படிப்பட்டவளின் பெயருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் பங்கம் வந்தது. பள்ளத்தாக்கு வேட்டைக்காரர்களுக்கெல்லாம் தலைவர் எங்கெல்பெர்ட் ஓக்ரிஸ். ஜூனில் ஒரே குண்டில் மான் ஒன்றை வீழ்த்தி, தொப்பியில் தளிர் செருகிக்கொண்டு ஊரெல்லாம் வலம் வந்த மனுஷன். அவர் மலையாட்டுக் கிடா ஒன்றைத் தவறவிட்டுவிட்டார். அடித்த குண்டு கிடாவின் முதுகுக்கு மேலே பறந்துவிட்டதாம். கிடா ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்றாம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்ததும் சாராயக் கடையில் எல்லார் முன்னாலும், புர்கி செய்த தாங்கி குறியை வைத்துக்கொள்ளவில்லை, கழற்றி மாட்டினால் எங்கேயோ சுடுகிறது என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாளே இரண்டு பேர் தங்கள் துப்பாக்கிக்குக் கேட்டிருந்த தாங்கி வேண்டாமென்றார்கள். ப்ளாஷ் பயந்துபோனார். வெளியூர் ஆலையில் எந்திரத்தில் செய்த தாங்கிகள் கிடைக்கின்றன, திங்கட்கிழமையிலிருந்து அவற்றையே வாங்கிப் பொருத்தலாம், புர்கி துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையைப் பார்க்கலாம் என்றார். புர்கி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். சனிக்கிழமை சுடுகளத்தில் ஊரே கூடுகிறதே, அங்கேயே பார்த்துவிடலாம் என்றாள். தாங்கி தோற்றால் அந்த வாருகோல் அடிக்கும் உளியைத் தானே ஆற்றில் வீசிவிடுவதாகவும் சொன்னாள்.

துப்பாக்கியை முன்கூட்டிக் கேட்டு ஆள் அனுப்பினாள். ஓக்ரிஸ் கொடுக்கவில்லை. ராவோடு ராவாகச் சரிசெய்துவிட்டு ஒன்றுமே இல்லையென்று சாதிப்பாள், எல்லார் முன்னாலும் நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியனுப்பினார். புர்கிக்கு வந்த கோபத்தில் அன்று அவள் பிடித்த பாலாடைக் கொழுக்கட்டைகள் ஒவ்வொன்றும் கல் மாதிரி இருந்தன. புருஷன் பேசாமல் தின்றான்.

சனிக்கிழமை காலை சுடுகளத்தில் நாற்பது பேருக்குக் குறையவில்லை. ஓக்ரிஸ் தொலைநோக்கியைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். மேசைமேல் மணல் மூட்டை வைத்து, நூறு மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் மூன்று குண்டு சுட்டார். அட்டை வந்தது. மூன்றும் நடுப்புள்ளிக்கு நாலு விரல் மேலே. யாரோ சிரித்தார்கள். ப்ளாஷ் தரையைப் பார்த்தார்.

"பாத்தியா புர்கி? நான் என்ன கதையா விட்டேன்?" என்றார் ஓக்ரிஸ்.

பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு அட்டையை புர்கி பார்த்ததில்லை. தன் கை தப்பிவிட்டதோ என்ற நினைப்பு முதல்தடவையாக உள்ளே நுழைந்தது. அம்மா முகம் வேறு அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வரும்போலிருந்தது. நாற்பது ஆம்பிளைகள் முன்னால் அழுவதைவிட ட்ராவ் நதியில் குதிப்பது மேல்.

அட்டையை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று ஓட்டையையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, ஆடுற தாங்கின்னா குண்டு மூணும் மூணு பக்கம் போயிருக்கும். இது மூணும் ஒரே வீட்டுக்குத்தான் போயிருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்கு. தாங்கி ஆடல. எதுவோ அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கு."

ஓக்ரிஸ் மீசையைத் தடவிக்கொண்டார். புர்கி தொலைநோக்கியைக் கழற்றினாள். பையிலிருந்து தன் புகை விளக்கை எடுத்துப் பற்றவைத்து, பின்காலைக் கரியாக்கி, தட்டில் அழுத்தி எடுத்தாள். தட்டு முழுக்கப் படிய வேண்டிய கரி ஒரு மூலையில் மட்டும் பொட்டு மாதிரி படிந்திருந்தது. பின்காலின் அடியில் அதற்கு நேரான இடத்தை நகத்தால் சுரண்டினாள். தேன் நிறத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்தது. காகிதத்தைவிட மெல்லிசு. மோந்து பார்த்தாள்.

பார்த்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ப்ளாஷ் தலையைத் தூக்கினார்.

எங்கள் ஊரில் மான் விழுந்தால் வேட்டைக்காரன் முதலில் செய்வது, பக்கத்திலிருக்கும் ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு தளிரை ஒடிப்பது. ஒரு துண்டு மானின் வாயில். அது அதன் கடைசிக் கவளம். இன்னொரு துண்டு தொப்பியில். அது மரியாதை, அதை யாரும் விடுவதில்லை. ஜூனில் அந்த மரம் முழுக்கப் பிசின். ஓக்ரிஸும் மரியாதையெல்லாம் முறையாகச் செய்துவிட்டு, அதே கையோடு தொலைநோக்கியைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறார். விரலில் இருந்த பிசின் தாங்கியின் பின்காலுக்கடியில் ஒட்டி, இரண்டு மாதத்தில் கண்ணாடியாக இறுகிவிட்டது. தாங்கியின் பின்பக்கம் ஒரு மயிரளவு தூக்கினால் நூறு மீட்டரில் குண்டு நாலு விரல் மேலே ஏறும். கிடா நின்ற தூரத்துக்கு ஒரு சாண்.

"உங்க பைல பேரிக்காய்ச் சாராயம் இருக்கும்ல, அதை எடுங்கண்ணே" என்றாள் புர்கி.

அவர் தயங்கித்தான் கொடுத்தார்; நல்ல சாராயம். அவள் துணியை அதில் நனைத்துக் காலையும் தட்டையும் பளிச்சென்று துடைத்தாள். திரும்பப் புகை காட்டி அழுத்தினாள். கரி தட்டு முழுக்க ஒரே சீராகப் படிந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி நீட்டிப் பிடித்துவிட்டு, கரியைத் துடைத்துப் பூட்டினாள்.

பத்துக் குண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஒரு தடவை கழற்றி மாட்டுவது என்று முடிவாயிற்று. சுடுவது ஓக்ரிஸ், மாட்டுவது புர்கி. குழல் சூடேறினால் குண்டு அலையும் என்பதால் இடையிடையே நிறுத்தி, ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றார்கள். பாதிநாள் போயிற்று. ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஒன்பது குண்டு ஆனதும் ஓக்ரிஸ் எழுந்து, கடைசித் தடவை தானே கழற்றி மாட்டப்போவதாகச் சொன்னார். புர்கி விலகி நின்றாள். அவர் கழற்றினார், அடியைத் திருப்பிப் பார்த்தார், மாட்டினார், சுட்டார்.

அட்டை வந்தது. நடுப்புள்ளியில் ஒரே ஓட்டை, ஓரம் கிழிந்து கொஞ்சம் பெரிதாக. பத்தும் அதற்குள்தான். ஒரு நாணயத்தை வைத்து மூடினார்கள், மூடியது.

ஓக்ரிஸ் களத்தோரம் நடந்தார். அங்கே நின்ற ஸ்ப்ரூஸில் ஒரு தளிரை ஒடித்தார். தொப்பியைக் கழற்றி, அதன்மேல் தளிரை வைத்து, மானை வீழ்த்தியவனுக்கு நீட்டுகிற முறைப்படி இரண்டு கையாலும் புர்கியின் முன் நீட்டினார். அவள் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. நாற்பது பேரும் தொப்பியை எடுத்துவிட்டார்கள்.

"தப்பு என்னோடது, புர்கி. கடையிலயும் இதையே சொல்லுவேன்."

புர்கி தளிரை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். அழக்கூடாதென்று நினைத்தாள், கொஞ்சம் அழுதும் விட்டாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"சரிண்ணே. இப்பப் போய்க் கையக் கழுவிட்டு வந்து துப்பாக்கியத் தொடுங்க."

அந்தச் சிரிப்புச் சத்தம் ஆற்றுக்கு அந்தப்புறம் கேட்டிருக்கும். ஓக்ரிஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை ப்ளாஷ் வெளியூர்த் தாங்கியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வேண்டாமென்ற இருவரும் காலையிலேயே வந்து வாசலில் நின்றார்கள். புர்கியின் மேசைக்கு முன்னால் வந்து இரண்டு தடவை இருமிவிட்டு, இனிமேல் வாருகோலைத் தாங்கியின் மேல்பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அடித்துக்கொள்ளலாம் என்றார் ப்ளாஷ். புர்கி விளக்கைப் பற்றவைத்துக்கொண்டே மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"வேணாம் முதலாளி, அடியிலயே இருக்கட்டும். கழட்டி மாட்டுறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."