பட்டை கழற்றிய ஜீப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. தாராபுரம் ரோட்டை ஒட்டிய கிராமங்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வரும் பெண்களைக் காலையில் ஏற்றி வருவதும், வேலை முடிந்ததும் ஊரில் இறக்கிவிடுவதும்தான் என் வீட்டுக்காரரின் தொழில். அவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் குலுங்கும் வண்டியில் உட்காரக் கூடாது, ஜீப்பை விற்றுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். "குலுங்காத ஜீப்பா இருந்தா ஓட்டலாமுங்களா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருந்தால் தாராளமாக ஓட்டட்டும் என்று சிரித்தார். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டால் போதும், எனக்கு அன்று தூக்கம் வராது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் பாயில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்டீயரிங் பிடித்த மனிதர். வண்டி போனால் இவர் என்ன ஆவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஜீப்பை வாங்க ஆள் இருப்பதாகத் தரகர் சொல்லியனுப்பினார். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி நானே பதில் அனுப்பிவிட்டு, மண்ணரையில் இருந்த அண்ணனின் பட்டறைக்குப் போனேன்.

அண்ணனுக்கு லேத்தும் வெல்டிங்கும். அப்பா வைத்த பட்டறை அது. நானும் அந்த இரும்புத் தூளில் வளர்ந்தவள்தான். ஜீப்பின் முன் அச்சு முழுசாக ஒரே இரும்பு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து ஆடும். அதன் மேல் இரண்டு பக்கமும் தகடு தகடாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். பாரத்துக்கு நல்லது, முதுகுக்கு எமன். அதைக் கழற்றிவிட்டுக் காருக்கு இருப்பதுபோலச் சுருள் ஸ்பிரிங் வைக்கச் சொன்னேன்.

"அம்மிணி, அது ஜீப்பு. தொட்டிலு இல்ல."

"ஏண்ணா, உன்னால ஆகாதுன்னா சொல்லிரு. நான் வேற பட்டறை பாத்துக்கறேன்."

இப்படிச் சொன்னால் அண்ணனால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி சுருள் கொண்டுவந்தான். சுருள் பாரத்தைத் தாங்குமே தவிர அச்சை இடத்தில் நிறுத்தாது. அதனால் அச்சின் இரண்டு முனையிலிருந்தும் பின்னோக்கி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு ஒவ்வொரு நீளமான இரும்புக் கை வைத்து, மூட்டுகளில் அதிர்ச்சி வாங்க ரப்பர் புஷ் போட்டான். அச்சு இனி முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

சக்கரம் எப்படி ஆடுகிறது என்று அவன் வெளியே நின்று பார்க்க வேண்டும். ஆகவே பட்டறைக்குப் பின்னாலிருந்த வெள்ளாமை இல்லாத காலிக் காட்டில் நான் ஓட்டினேன். அப்பாவின் வேனை ஓட்டிப் பழகிய கைதான். நேராகப் போகும்வரை மெத்தை மாதிரி இருந்தது. திருப்பினேன். ஜீப் குடிகாரனைப்போல இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய் வேலி முள்ளில் நின்றது. அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினான். நானும் சளைக்கவில்லை.

திட்டி ஓய்ந்தபின் அவன் தோளைக் கொடுத்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தான். ஜீப்பின் மேலுடம்பு நகர்ந்தது, சக்கரம் அசையவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் கரித்துக்கொட்டிய அந்தப் பட்டை பாரத்தைத் தாங்கியதோடு அச்சை முன்பின்னாகவும் பிடித்திருக்கிறது, பக்கவாட்டிலும் பிடித்திருக்கிறது. ஒரே ஆள் மூன்று வேலை. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஆள் யாரென்று அண்ணனிடம் அப்போதே சொல்லிவைத்தேன்.

பக்கவாட்டுக்கென்று ஒரு கம்பி போட்டோம். ஒரு முனை வலப்பக்கச் சேஸிஸில், மறுமுனை அச்சின் இடப்பக்கத்தில். முதல் கம்பி குட்டை, சரிவும் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அச்சை ஒரு பக்கமாக இழுத்தது, ஸ்டீயரிங் என் கையில் வெட்டி வெட்டித் திரும்பியது. அண்ணன் அறுத்தான், நீளமாக்கினான், மட்டமாகப் படுக்கவைத்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்தான் ஓட்டினேன், முதலில் காட்டுக்குள், பிறகு வேலம்பாளையம் வரைக்கும். டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு நாள் கல்லும் குழியுமான மண்சாலையில் கையை லேசாக வைத்தாலே நேராக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரரைக் கூட்டிவந்து சாவியைக் கொடுத்தேன். வாய்க்கால் ரோட்டில் ஓட்டினார். பாலத்தருகே நிறுத்தினார்.

"நோவுதுங்களா?"

"இல்ல. துளி நோவு இல்ல. மச்சான் கில்லாடி."

"பொறவென்னங்க? தரகரை வர வேண்டாம்னு சொல்லிரலாமுங்களா?"

அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போன தை மாசம் இங்கதான் எனக்குக் காலு மரத்துப்போச்சு. பிரேக்க மிதிக்கறனா இல்லையான்னே தெரியல. பின்னால அத்தன புள்ளைங்க பாடிட்டு வருதுங்க. ஒருத்தருகிட்டயுஞ் சொல்லல. அன்னைக்கிருந்து சாவியத் தொட்டாலே பயமா இருக்குது. வண்டிய வித்துருன்னு டாக்டரு சொன்னப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இந்த மனிதர் தினமும் பயந்துகொண்டே கிளம்பியிருக்கிறார், நானும் தூக்குப்போசியில் சோறு போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதற்கு எந்தக் கம்பியை எங்கே போடுவது?

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எறங்கி இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கிச் சுற்றி வந்தார், நான் ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்தேன்.

லைசென்ஸ் எடுத்ததும் பெண்களை நானே ஏற்றிவரத் தொடங்கினேன். தனியாக விட மாட்டேன் என்று அவரும் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார், வலது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி. பாலம் வரும்போது விரல்கள் இறுகும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சில மாதம் கழித்து ஒரு காலை, பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தக் கை அவர் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.