கத்தி வேண்டாம் என்று சொன்ன நாள்

என் தங்கையை அவள் புருஷன் வீட்டார் ஆம்பூருக்குக் கொண்டுவந்து விட்டுப் போனபோது, அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மூன்று ஆள் சோறு தின்றும் அவள் இளைத்துக்கொண்டே போனாள். மார்கழியிலும் வியர்த்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. நெஞ்சு அடித்துக்கொள்வது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

அண்ணனும் நானும் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தோம். தாயத்துக் கட்டினோம். கம்பவுண்டர் கொடுத்த நெஞ்சு டானிக்கை ஊற்றினோம். அதிலேயே ஒரு வருஷம் போயிற்று. பிறகுதான் வேலூருக்கு ரயிலேற்றினோம்.

அங்கே லேடி டாக்டர் முதலில் தொட்டது அவள் கழுத்தை.

"கழுத்துல வீங்கியிருக்குதே, இந்தச் சுரப்பி அளவுக்கு மேல வேலை செய்யுது. அதுதான் இதயத்தை விரட்டிக்கிட்டே இருக்குது. துடிப்பு இப்பவே தாறுமாறா இருக்குது. இப்படியே வுட்டா இதயம் ஓஞ்சு போய்டும்."

சில நாள் அயோடின் சொட்டு கொடுத்துத் துடிப்பை அடக்கிவிட்டு, சுரப்பியில் பெரும்பகுதியை அறுத்தெடுக்கலாம் என்றார். ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அண்ணன் கத்தி வேண்டாம் என்றார். கழுத்தில் தழும்போடு போனால் புருஷன் வீட்டில் சேர்க்கமாட்டார்களாம்.

"அறுக்கட்டும் அண்ணா," என்றாள் தங்கை. "அந்த வூடே எனக்கு வேணாம். படுத்தா மூச்சு வுட முடியல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அன்றைக்கே திரும்பிவிட்டோம். அவளுக்குக் கால்கள் வீங்கின. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் சாய்ந்தபடியே போய்விட்டாள். புருஷன் வந்து மாரடித்து அழுதான். அடுத்த தையில் அவனுக்கு வேறு கல்யாணம்.

சில வருஷம் கழித்து அண்ணன் மகளுக்கும் அதே வீக்கம், அதே படபடப்பு. அண்ணன் தாயத்துக்கு அலையவில்லை, யாரையும் கேட்கவில்லை. மறுநாளே வேலூருக்குக் கூட்டிப்போய், அறுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் பிழைத்தாள். தழும்பு மறையப் பட்டையான அட்டிகை வாங்கிப் போட்டு, கல்யாணமும் செய்து கொடுத்தார். அவள் நன்றாக இருக்கிறாள்; அதில் எனக்கு மனக்குறை இல்லை.

அந்தக் கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அப்ப நமக்கு இன்னா தெரியும்?"

எல்லாம் தெரியும். டாக்டர் தமிழில்தான் சொன்னார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.