டயர் பார்க்கும் இடம்

“இவ வாய மூடிக்கிட்டு ஒசூர் வரைக்கும் வருவாளாக்கா?” என்று சித்தி சந்தேகப்பட்டாள். அப்போது எனக்கு ஐந்து வயது. பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெயர்.

அம்மா மாசமாக இருந்தாள். ரத்தக்கொதிப்பு இருந்ததால் வாராவாரம் ஒசூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரம் இருக்கிறது. டவுன் பஸ் ஒரு நாள் வரும். மறுநாள் யானை நிற்கிறது என்பார்கள், அடுத்த நாள் பஸ்ஸே படுத்துவிட்டது என்பார்கள். தவறாமல் வந்தது சித்தி வேலை பார்த்த கம்பெனியின் பஸ் மட்டும்தான். அதில் கம்பெனி ஆட்கள் ஏறலாம், அங்கே இருந்த குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகள் ஏறலாம். வேறு யாரும் ஏறக் கூடாது.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் சித்தி லீவு போட்டு வீட்டில் இருப்பாள். கம்பெனி ஆள் என்று காட்ட அவளுடைய நீல யூனிஃபார்ம் கோட்டை அம்மா மாட்டிக்கொள்வாள். வயிற்றுக்கு மேல் பொத்தான் சேராது. நான் காப்பகத்துக்குப் போகும் பிள்ளை என்று கணக்கு. பஸ்ஸில் வரும் அக்காக்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்து மறைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி கேட் வந்ததும் டிரைவர் மாமா வண்டியை ஓரங்கட்டி, “டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்கு” என்று இறங்கித் தட்டிப் பார்ப்பார். அதற்குள் நாங்கள் இறங்கிவிடுவோம். வாராவாரம் அதே இடத்தில் காற்றுக் குறையும் அந்த டயரை நினைத்து எனக்குக் கவலையாகவே இருந்தது.

ஒரு வாரம் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, கண்ணும் மங்கிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து சூப்பர்வைசர் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி கேட் வந்தது. பஸ் வேகம் குறையவில்லை. அம்மா என் கையை இறுக்கினாள்.

“மாமா, டயர் பாக்கலையா? காத்து எறங்கியிருக்கும்” என்று கத்தினேன்.

பஸ் நின்றது. “பாப்பாவுக்கே தெரியுது, எனக்குத் தெரியல பாரு” என்றபடி டிரைவர் இறங்கினார். பொத்தான் சேராத கோட்டோடு அம்மா சூப்பர்வைசரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் கோட்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

“மெதுவா எறங்குமா. டயர் பாக்க நேரமாகும்” என்றார்.

அன்றே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் தம்பி பிறந்தான். நல்லவேளை, டயரை நான் கவனித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தி சோம்பேறி, லீவு போட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். சித்தி மறுக்கவில்லை. அந்த லீவுக்குச் சம்பளம் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இப்போது ஒசூரில் வேறொரு கம்பெனியில், எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். காட்டோர ஊர்களுக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டு இரண்டை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு விட வேண்டும் என்று வாயை மூடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். மேலாளர் கடைசியில் சரி என்றார்.

நேற்றுக் காலை எங்கள் ஊரில் நிறைமாதப் பெண் ஒருத்தி தன் சொந்தச் சேலையிலேயே ஏறினாள். ஆஸ்பத்திரி கேட்டில் பஸ் நின்றது. டயரைப் பார்க்க யாரும் இறங்கவில்லை.