எங்கள் வீட்டுப் பங்கு

மகள் வீட்டில் இப்போது எனக்கு இரவுக்குச் சாமைச் சோறு. சர்க்கரைக்கு நல்லது என்று மருமகன் எங்கோ படித்துவிட்டு வாங்கி வந்திருக்கிறார். பொட்டலத்தில் 'கொல்லிமலைச் சாமை' என்று எழுதி, தலையில் கூடையோடு ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிற படம் போட்டிருக்கிறார்கள். அந்த மலையில் பல வருடம் குடியிருந்தவன் நான். அப்படி ஒரு சிரிப்பை, வேனில் வந்தவர்கள் செல்போனை நீட்டி "சிரிங்கம்மா" என்று சொன்னபோதுதான் பார்த்திருக்கிறேன். குக்கர் விசில் அடித்ததும் முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

வேன்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கீழே உள்ள பெரிய கிறிஸ்தவ சபைகளிலிருந்து, மலையில் நடக்கிற ஊழியத்தைப் பார்க்க வருகிறோம் என்று வருவார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட், ஒரு பாட்டு, கண்ணீரோடு ஒரு ஜெபம், நிறையப் படம். மத்தியானம் கோழி பிரியாணி, பிறகு அருவி. திரும்பும் வழியில் சோளக்காடு என்கிற ஊரின் சந்தையில் இறங்கி, காலையில் யாருடைய ஆத்துமாவுக்காக அழுதார்களோ அவர்களிடமே மிளகு விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

இத்தனை ஏளனமாகப் பேசுகிறேனே, நான் யார்? சாயங்காலம் கீழே இறங்காத வேன்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் திருநெல்வேலிக் கல்லூரியொன்றில் பௌதிகம் நடத்தியவன். என் மனைவி ரோஸ்லின் தையல் டீச்சர். ஓய்வு பெற்றதும், மீதிக் காலத்தை ஆண்டவருக்குக் கொடுப்போம் என்று கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் ஓட்டு வீடொன்றை வாடகைக்குப் பிடித்தோம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வகுப்பறை இல்லாமல் இருப்புக்கொள்ளாது. ஆண்டவரைச் சாக்காக வைத்து எனக்கு ஒரு மலையே வகுப்பறையாகக் கிடைத்தது என்பதுதான் உண்மை. குரங்குக் குல்லாவும் தோள்பையுமாகக் கிளம்பி, நானே எழுதி அச்சடித்த சுவிசேஷத் துண்டுப்பிரதிகளைக் கொடுத்துக்கொண்டே போவேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை. ஒருநாள் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் வடை வாங்கினேன். மடித்திருந்த காகிதத்தில் 'மனிதனே, நீ எங்கே போகிறாய்?' என்று பெரிய எழுத்தில் இருந்தது. என்னுடையதுதான்.

"நல்ல காயிதமுங்கய்யா, எண்ணெய நல்லா உறிஞ்சுது. இன்னும் இருந்தாக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

ரோஸ்லின் எந்தப் பிரதியும் கொடுக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரி பாப்பாயியோடு உட்கார்ந்து மிளகு உதிர்த்தாள், குச்சிக்கிழங்கு தோல் சீவினாள், அவள் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள். அட்டை கடித்த காலோடு சிரித்துக்கொண்டு வருவாள். "இன்னைக்கு அந்தம்மாகிட்ட சுவிசேஷம் சொன்னியா?" என்று கேட்பேன். "மொச்சை எப்ப ஊணணும்னு அவ சொன்னா, நான் கேட்டுக்கிட்டேன்" என்பாள். நேரத்தை வீணாக்குகிறாள் என்று அவளுக்காகத் தனியாக ஜெபித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புதுச் சாமை அறுத்ததும் சாமிக்குப் பொங்கிப் படைத்து, அதில் வீட்டுக்கு ஒரு பங்கு அனுப்புவார்கள். பங்கு வந்தால் அது ஊரைச் சேர்ந்த வீடு. மலைக்கு மாற்றலாகி வந்த சர்க்கார் ஆட்கள் குடியிருந்த வீடுகளுக்கு வராது. எங்களுக்கும் வரவில்லை. அந்தச் சாமைப் பொங்கல் நாளில் ரோஸ்லின் ஜன்னலருகே நின்று, பங்குச் சோறு வைத்த போசிகள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்ப்பாள். "நம்மள எப்பங்க சேப்பாங்க?" என்பாள். அவள் அந்த மலையில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு வருடம் பாப்பாயி எங்கள் வாசலில் தூக்குப்போசியோடு வந்து நின்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"ஏனுங்கய்யா, புதுச்சாமைப் பொங்கலுங்க. ஊருல பேசி உங்க ஊட்டையும் சேத்தாச்சு. அம்மாவெக் கூப்புடுங்க."

"சாமிக்குப் படைச்சதாம்மா?"

"படைக்காமப் பங்கு வெப்பாங்களா? என்னங்க கேக்கறீங்க?"

"அப்ப நாங்க தொடக்கூடாதும்மா. எங்க விசுவாசத்துக்கு அது ஆகாது."

படைத்ததைத் தின்னலாம் என்பதற்கும் வேதத்தில் வசனம் உண்டு, கூடாது என்பதற்கும் உண்டு. எனக்கு எது வாய்க்கு வந்ததோ அதை வாசலில் நின்று விளக்கினேன். பாப்பாயி என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். ரோஸ்லின் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். பிறர் முன்னால் அவள் என்னை மறுத்துப் பேசியதே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"செரிங்க, ஊட்டுக்காரரு சொன்னாச் செரிங்க" என்று பாப்பாயி போசியை மூடி எடுத்துப் போனாள்.

சாயங்காலம் ரோஸ்லின் ஒன்றே ஒன்று கேட்டாள். "கிறிஸ்மஸ் கேக்கை நாமளும் ஜெபம் பண்ணித்தான ஊருக்கெல்லாம் கொடுத்தோம்? எந்தச் சாமிக்குப் படைச்சதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். குழந்தைகள் காகிதத்தைக்கூட நக்கின. நான் ஜெபக் குழுவின் வாட்ஸாப்பில், படையலை மறுத்துச் சாட்சியாக நின்றோம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. ஒருவர் என்னைச் சிங்கம் என்று எழுதியிருந்தார். ஒரு கைப்பிடிச் சோற்றைத் துரத்திய சிங்கம்.

அதன்பின் எங்கள் வாசலுக்குப் போசி வரவில்லை. ரோஸ்லினும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாப்பாயி வீட்டுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். பொங்கல் நாளில் போனால் மத்தியானம் பசியில்லை என்பாள். மாத்திரை போட்டாயா என்று அதட்டுவேன். அன்று இரவு என் மோர்ச்சோற்றில் லேசாக விறகுப் புகை வாசம் அடிக்கும். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு.

"என்ன வாசம்?"

"அடிப்பிடிச்சிட்டு."

"அடிப்பிடிச்சாலும் நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிடுவேன்.

பிறகு அவளுக்கு உடம்பு முடியாமல் போய்த் திருச்சிக்கு, மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திரும்பி மலையேற அவளுக்கு வாய்க்கவில்லை. எங்கள் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். ஆராதனையில் என் ஊழியத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள், அவளுடைய பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு.

போன வருடம் சாமான்களை எடுக்க மலைக்குப் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் அதைச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றியிருந்தார். பாப்பாயி என்னைப் பார்த்து, ரோஸ்லினுக்காகக் கொஞ்சம் அழுதுவிட்டு, காப்பி கொடுத்தாள். காப்பியைக் குடித்துக்கொண்டே, இப்போதும் பங்கு வைக்கிறார்களா என்று கேட்டேன்.

"வெக்கறமுங்க. உங்க ஊட்டுப் பங்குதான் நின்னுபோச்சு."

"எங்க பங்கா? நாந்தான் அன்னைக்கே வேண்டாம்னுட்டேனே."

"நீங்க சொன்னீங்க. அம்மா சொல்லலீங்களே? வருசாவருசம் எங்கூட்டு அடுப்புக்கிட்ட உக்காந்து சாப்புட்டுத்தான் வருவாங்க. உங்களுக்கும் ஒரு புடி இலையில மடிச்சு எடுத்துக்குவாங்க."

"எனக்கா?"

"ராத்திரி மோர்ச்சோத்துல பெசஞ்சு போட்டுருவாங்களாமா." அழுத கண்ணோடே சிரித்தாள். "சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. 'ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்புடறாரு பாப்பாயி, ஒண்ணும் ஆவல'ம்பாங்க. அவருக்குத் தெரிஞ்சாச் சங்கடப்படுவாருன்னு எங்க வாயயும் கட்டிப்போட்டாங்க."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. குல்லாவும் பையுமாக நான் தெருவில் போனபோது, அவர்களுடைய சாமையைத் தின்றுவிட்டு அவர்களுக்கே உபதேசம் செய்யப் போகிறவனைப் பார்த்து ஒருவரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. வேனில் வந்து அழுதவர்களைவிட, என்னைவிட, அவர்களுக்கு நாகரிகம் அதிகம்.

நேற்றிரவு மகள் தட்டை வைத்தாள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டேன். சுத்தமான சாமை, யாருக்கும் படைக்காதது.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். இன்னொரு கரண்டி கேட்கவில்லை.